பால் பொங்குவதற்குள் ஒரு கோலம்

தென்சென்னைப் புறநகரான கீழ்க்கட்டளையில் மேடவாக்கம் பிரதான சாலையை விட்டு உள்ளே திரும்பும் தெருக்களில் காலை ஐந்தரை மணிக்கு நடந்தால், வாசலுக்கு வாசல் ஒரே வேலை நடப்பதைப் பார்க்கலாம். வாளித் தண்ணீர், விளக்குமாறு, ஒரு டப்பா கோலமாவு. ஒரு வீட்டில் நாலு இழையில் நட்சத்திரம். அடுத்த வீட்டில் ஏழு புள்ளியில் சிக்குக்கோலம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். முடிந்தாக வேண்டும். உள்ளே பால் காய்ச்ச வேண்டும், குக்கர் வைக்க வேண்டும், பிள்ளைகளை எழுப்ப வேண்டும், பள்ளி வேன் வந்துவிடும்.

இந்தப் பத்து நிமிடத்தை நாம் பழக்கம் என்கிறோம், சம்பிரதாயம் என்கிறோம், மார்கழி வந்தால் கலை என்றும் சொல்கிறோம். வடிவமைப்பு என்று மட்டும் சொல்வதில்லை. அதற்குப் படிப்பு வேண்டும், கணினி வேண்டும், தனி அறை வேண்டும், குறுக்கே யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. தாயான பிறகு ஒரு பெண்ணின் படைப்பு வேலை நின்றுபோகும், அல்லது பொழுதுபோக்காகச் சுருங்கும் என்று சுற்றியிருப்பவர்கள் முன்கூட்டியே முடிவு கட்டிவிடுவதும் இதே எண்ணத்தால்தான். நான் இதை ஏற்கவில்லை. துண்டு துண்டாகக் கிடைக்கும் வீட்டு நேரம், தமிழ்ப் பெண்களின் கையில் ஒரு முழுமையான வடிவ ஒழுங்கை உருவாக்கியிருக்கிறது. அந்த ஒழுங்கு எவ்வளவு கறாரானது என்பதைக் கணித மொழியில் எழுதிக்காட்டிய முன்னோடி வேலை நடந்ததும் இதே தென்சென்னைப் புறநகரில்தான்.

சென்னைக் கிறித்துவக் கல்லூரி 1937இல் நகரத்திலிருந்து தாம்பரத்துக்கு இடம் மாறியது. அங்கே புள்ளியியல் பேராசிரியராக இருந்தவர் கிஃப்ட் சிரோமணி (1932–1988). மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகலன்களையும் பழந்தமிழ் எழுத்து வடிவங்களையும் ஆராய்ந்தவர். தன் துறைக்கு வெளியே கண்ணில் படுவதையெல்லாம் எண்ணிப் பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் மனைவி ராணி சிரோமணி அதே கல்லூரியின் கணிதப் பேராசிரியர். பிற்காலத்தில் சென்னைக் கணிதவியல் கழகத்தோடும் இணைந்திருந்தார். இவர்களோடு சேர்ந்து உழைத்த கமலா கிருதிவாசன் பின்னாளில் சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியரானார். மூவரும் 1972இல் படங்களை ஒரு மொழியாகக் கருதும் கோட்பாட்டை வெளியிட்டார்கள். 1974இல் வந்த இன்னொரு கட்டுரையின் தலைப்பிலேயே கோலம் இருந்தது. கணினி வரைகலை பற்றிய ஒரு சர்வதேச ஆய்விதழில், நம் வாசலில் கிடப்பது ஆய்வுப் பொருளாக அச்சேறியது.

அவர்கள் செய்தது என்ன? ஒரு மொழியின் வாக்கியங்களையெல்லாம் சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி உண்டாக்கிவிடலாம் என்று நோம் சாம்ஸ்கி 1950களில் காட்டியிருந்தார். வாக்கியம் ஒரே வரிசையில் ஓடுவது. கோலமோ நீளமும் அகலமும் உள்ளது. ஒரு பக்கம் வளர்ந்தால் மறுபக்கமும் அதே அளவு வளர வேண்டும், இல்லையென்றால் கோணிப் போகும். அப்படிப்பட்ட இரு பரிமாண உருவங்களுக்கும் இலக்கணம் எழுத முடியும் என்று தாம்பரம் குழு நிறுவியது. முதலில் கிடை வரிசை, பிறகு அதன் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் செங்குத்து வரிசை என்று வளரும் அந்த விதித்தொகுதிக்கு இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயர்தான்: சிரோமணி மேட்ரிக்ஸ் இலக்கணம். சிறிய கோலத்தை எந்த அளவுக்கு வேண்டுமானாலும் பெரிதாக்கத் தெரிந்த பெண்ணின் மனத்தில் இப்படி ஒரு விதித்தொகுதி ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் இதன் உட்கிடை.

இந்தக் கறார்த்தன்மையைக் காகிதமும் பென்சிலும் இருந்தால் யாரும் சோதித்துப் பார்க்கலாம். மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு புள்ளி வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள ஒவ்வோர் இடைவெளியிலும் இழை சாய்வாக வெட்டிக்கொண்டு போகட்டும். ஓரத்துக்கு வந்ததும் வளைந்து திரும்பட்டும். கையை எடுக்காமல் போனால் ஒரே இழை பன்னிரண்டு புள்ளிகளையும் சுற்றிவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். இனி வரிசைக்கு ஒரு புள்ளியைக் குறைத்து மூன்றுக்கு மூன்றாக்குங்கள். இப்போது ஒரே இழை போதாது. மூன்று தனித்தனி இழைகள் வேண்டியிருக்கும். நான்குக்கு ஆறு என்றால் இரண்டு. ஐந்துக்கு ஏழு என்றால் மறுபடி ஒன்று. வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி எதுவோ, அத்தனை இழைகள். ஆறாம் வகுப்பில் எண்களின் உறவாகச் சொல்லித்தரப்படும் இந்தச் சங்கதி வாசலில் கண்ணுக்குத் தெரியும் உருவமாகக் கிடக்கிறது. அங்கோலாவின் சொக்வே மக்கள் மணலில் வரையும் சோனா ஓவியங்களிலும் இதே விதி இருப்பதை மொசாம்பிக் கணித அறிஞர் பாலுஸ் கெர்டஸ் விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே ஆண்கள் கதை சொல்லிக்கொண்டே வரைந்தார்கள். இங்கே பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே வரைகிறார்கள்.

இப்படிப் புள்ளியைச் சுற்றி ஓடும் நெளிக்கோலத்தில் கை பழகியவர்களுக்கு வகுத்தி என்ற பெயர் தேவைப்படாது. எந்தப் புள்ளியமைப்பு ஒரே இழையில் மூடும், எது அடைபட்டு நிற்கும் என்று அவர்கள் பார்த்தவுடன் சொல்லிவிடுவார்கள். அடைபட்டு நின்றால் எந்த இடைவெளியில் இழையை வெட்டவிடாமல் திருப்பினால் இரண்டு இழைகள் ஒன்றாகும் என்பதும் தெரியும். பார்ப்பவர்கள் அழகுக்காகச் செய்த மாற்றம் என்று நினைக்கும் பல வளைவுகள் இப்படித் தீர்வாக வந்தவைதான்.

1980களில் சிரோமணி குழு இன்னொரு படி முன்னே போனது. கோலம் போடுகிறவர்களை வைத்தே சோதனை செய்து, அவர்கள் ஒரு சிக்கலான உருவத்தை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார்கள். நினைவில் இருப்பது முழுப் படம் அன்று, கையின் அசைவுகளின் வரிசை என்று தெரிந்தது. நேரே போ, பாதி வளை, புள்ளியைச் சுற்றித் திரும்பு, இடம், வலம் என்று சில அடிப்படை நகர்வுகள். இவற்றைக் கோர்த்தால் கம்பிக்கோலம் என்றும் சொல்லப்படும் நெளிக்கோலம். இப்படி நகர்வுகளாகப் பிரித்த பிறகு, கணினியிடமும் அதே வரிசையைக் கொடுத்து வரையச் சொல்ல முடிந்தது. செடிகளின் வளர்ச்சியை விளக்க 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்ற உயிரியலாளர் உருவாக்கிய விதிமுறையும் கோலமும் கைகோத்தன. 1983இல் ராணி சிரோமணியும் கே. ஜி. சுப்பிரமணியனும் இடத்தை நிரப்பிக்கொண்டே போகும் வளைகோடுகளைப் பற்றி எழுதினார்கள். கணினி வரைகலையில் 'கிருஷ்ணர் கொலுசு' என்ற கோலம் ஒரு நிலையான எடுத்துக்காட்டாகவே ஆகிவிட்டது.

இனி இந்த ஆய்வுகள் பேசாத ஒன்றுக்கு வருகிறேன். கோலத்தின் இலக்கணம் ஏன் இப்படி இருக்கிறது? புள்ளி முதலில், இழை பிறகு என்ற முறை எதற்காக? என் கணிப்பில் இதற்கு வீட்டு நேரத்தின் இயல்பு பெரிய காரணம். குழந்தை உள்ள வீட்டில் யாருக்கும் தொடர்ந்து இருபது நிமிடம் கிடையாது. தொட்டிலில் அழுகுரல், அடுப்பில் பால், பால்காரர், பம்ப் போட்டால் வழியும் மேல்நிலைத் தொட்டி. எந்த நொடியிலும் எழுந்து ஓட வேண்டிவரும். திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிற வடிவமுறைதான் இங்கே பிழைக்கும். புள்ளிகள் இருந்தால் தொடர முடியும். ஐந்து நிமிடம் கழித்து வந்தாலும், எந்தப் புள்ளி சுற்றப்பட்டது, எது பாக்கி என்று தரையே சொல்லும். சமச்சீர் இருந்தால் கால் பங்கு போட்டதை வைத்து மீதி முக்கால் பங்கைத் தெரிந்துகொள்ளலாம். வடிவத்தைத் தலைக்குள் முழுதாகச் சுமக்க வேண்டியதில்லை.

அளவும் அப்படியே. ஒரே கோலம், பள்ளி நாளில் ஐந்து புள்ளி, ஞாயிற்றுக்கிழமை ஒன்பது, பொங்கலன்று தெருவையே அடைத்துக்கொண்டு இருபத்தொன்று. உடம்பு முடியாத நாளில் நாலு இழுப்பு. வளரவும் சுருங்கவும் தெரிந்த வடிவம் இது. மாவுக்கும் ஒரு பங்கு உண்டு. கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே நழுவவிடும் மாவை அழித்துத் திருத்தலாம். ஆனால் ஈரத் தரையில் அழித்த இடம் வெளுத்துத் தெரியும். ஆகவே தப்பைப் பெரும்பாலும் அழிப்பதில்லை. அடுத்த வளைவில் சரிக்கட்டுகிறார்கள், அந்தத் தப்பையே மற்ற மூன்று மூலைகளிலும் போட்டு வடிவமாக்கிவிடுகிறார்கள். வடிவமைப்புப் பள்ளிகளில் கட்டணம் கட்டிக் கற்கும் பல பாடங்கள் இதில் இருக்கின்றன: அலகு, மறுபயன், பிழையைத் தாங்கும் அமைப்பு, கிடைத்த பொருளுக்குள் வேலையை முடிப்பது.

கற்றுக்கொடுப்பதும் தனி வகுப்பாக நடப்பதில்லை. தூக்கம் கலையாத பிள்ளை நிலைப்படியில் உட்கார்ந்து பார்க்கிறது. சில நாள் கழித்துப் புள்ளி வைக்கும் வேலை அதற்குக் கிடைக்கிறது; புள்ளி வரிசை கோணினால் கோலமே கோணும் என்பதால் அது சின்ன வேலை அன்று. பிறகு ஓர் ஓரத்தில் தனிக்கோலம். பழைய டைரியிலோ கணக்கு நோட்டிலோ வரைந்து வைத்த கோல நோட்டு அம்மாவிடமிருந்து மகளுக்கு, அத்தையிடமிருந்து அண்ணன் மகளுக்குப் போகிறது. அந்த நோட்டுகளைப் புரட்டினால் ஒரே கோலம் மூன்று கையெழுத்தில் மூன்று விதமாக வளர்ந்திருப்பதைக் காணலாம். ஓர் ஓரத்தில் மளிகைக் கணக்கு, இன்னோர் ஓரத்தில் தடுப்பூசித் தேதி, நடுவில் பதினைந்துக்கு எட்டு இடைப்புள்ளி. தமிழ் வடிவமைப்பு வரலாற்றை எழுதப் போகிறவர்கள் முதலில் தேட வேண்டிய ஆவணம் இதுதான் என்பேன். எந்த நூலகமும் இவற்றை முறையாகச் சேர்க்கத் தொடங்குவதற்குள் பழைய பேப்பர்காரரிடம் போய்க்கொண்டிருக்கின்றன.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்த இடத்தில் உதவுகிறது. தமிழகத்துப் பெண்கள் 192 பேர் போட்ட 3,139 கோலங்களை அசைவு அசைவாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிக்கல் இருக்கிறது என்று தகவல் கோட்பாட்டின் அளவுகோலால் அளந்தார்கள். சிறிய கோலமானாலும் பெரிய கோலமானாலும் சிக்கலின் அளவு ஏறத்தாழ மாறாமல் ஓர் இதமான இடத்தில் நிற்கிறது என்பது முடிவு. பல வகை அசைவுகளைச் சேர்க்கும்போது அவற்றைச் சமமாகப் பயன்படுத்துவது குறைகிறது. ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்கும் இந்தச் சமன், கோலம் போடுகிறவர்கள் அறியாமலே நடக்கிறது. சாதிப் பிரிவினை கோலத்தின் சிக்கலைத் தீர்மானிப்பதற்கு வலுவான சான்று கிடைக்கவில்லை. தனிப்பட்ட ரசனை, திறமை, ஈடுபாடு, கிடைக்கும் நேரம், மனித நினைவின் எல்லை ஆகியவற்றையே ஆய்வாளர்கள் காரணமாகச் சொல்கிறார்கள். நேரமும் நினைவும் என்ற இரண்டும் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் குறைவாகக் கிடைப்பது முதலாவது. அவள் மிகுதியாகப் பழக்கிவைத்திருப்பது இரண்டாவது.

வீட்டு வேலையின் அசைவுகளைப் பிரித்துப் பார்ப்பது மேற்கிலும் நடந்தது, வேறொரு நோக்கத்தோடு. அமெரிக்காவில் லில்லியன் கில்பிரெத் கணவர் ஃபிராங்க்கோடு சேர்ந்து தொழிற்சாலை வேலையைச் சில அடிப்படை அசைவுகளாகப் பகுத்தவர்; பன்னிரண்டு குழந்தைகளைப் பெற்றவர். 1924இல் கணவர் இறந்த பிறகு அதே முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். 1926இல் ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் மார்கரெட் ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த ஃபிராங்க்ஃபர்ட் சமையலறையும் இதே சிந்தனையில் பிறந்தது. ஓர் ஆள் கையெட்டும் தூரத்தில் எல்லாமே. வீண் நடை இல்லை. சுமார் பத்தாயிரம் குடியிருப்புகளில் அது வந்தது. பெண்ணின் உழைப்பை மதித்த வடிவமைப்பு அது, சந்தேகமில்லை. ஆனால் அசைவு என்பது அங்கே குறைக்க வேண்டிய செலவு. ஓர் ஆளுக்கு மட்டும் அளவெடுத்த அந்த அறையில் குழந்தை நிற்கவும் இடமில்லை என்ற குறை பின்னால் எழுந்தது. சிரோமணி தம்பதியர் பகுத்தெடுத்த கை அசைவோ மிச்சம் பிடிக்க வேண்டிய ஒன்றாக இருக்கவில்லை. அசைவுதான் அங்கே படைப்பு, பக்கத்தில் பிள்ளை உட்கார இடமும் உண்டு.

இன்னொரு பெண்ணையும் இங்கே நினைக்க வேண்டும். நியூயார்க் கலைஞர் மியர்லே லேடர்மன் யூக்கலஸ் 1968இல் தாயானார். குழந்தை பிறந்ததும் தன்னிடம் கலைஞர் என்ற முறையில் யாரும் எதுவும் கேட்பதில்லை, நாள் முழுக்கத் துடைப்பதும் கழுவுவதும் ஊட்டுவதுமாகப் போகிறது என்ற கோபத்தில், 1969இல் ஓர் அறிக்கை எழுதினார். பராமரிப்பு வேலையே கலை என்பது அதன் சாரம். 1973இல் ஹார்ட்ஃபர்டில் உள்ள வாட்ஸ்வர்த் அத்தீனியம் அருங்காட்சியகத்தின் வாசற்படிகளை மணிக்கணக்காகக் கழுவித் துடைத்தார். அதையே தன் படைப்பாக முன்வைத்தார். 1977 முதல் நியூயார்க் நகரத் துப்புரவுத் துறையின் கலைஞராக இருந்தார். வாசலைக் கழுவுவது கலை என்று மேற்கத்தியக் கலையுலகம் ஒப்புக்கொள்ள ஒரு தாய் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் செய்துகாட்ட வேண்டியிருந்தது. நம்மிடம் வாசலைக் கழுவுவதும் வடிவம் போடுவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகளாகப் பல தலைமுறைகளாக இருக்கின்றன. ஆனால் யூக்கலஸ் கேட்ட கேள்வியை நாம் இன்னும் கேட்கவில்லை: இதைச் செய்கிறவரின் பெயர் எங்கே?

கோலத்தைப் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிட முடியாததற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் கட்டாயம். கோலம் போடாத வாசலைத் தெரு கவனிக்கும். இழவு வீட்டில் கோலம் இருக்காது என்பதால், கோலம் இல்லாத வீடு என்றால் என்ன ஆயிற்று என்ற விசாரணை வரும். கோலத்தைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து 2018இல் நூல் வெளியிட்ட விஜயா நாகராஜன், வாசலில் கோலம் இருப்பதும் இல்லாததும் வீட்டின் நிலையை ஊருக்குச் சொல்லும் அறிவிப்பாக இருப்பதை விளக்குகிறார். அந்த அறிவிப்பைத் தினமும் எழுதும் பொறுப்பு பெண்ணுடையது. மாதவிலக்கு நாளில் தொடக்கூடாது என்றும் கணவனை இழந்தவள் போடக்கூடாது என்றும் சொல்லிய வீடுகள் ஏராளம். விருப்பப்பட்டுச் செய்யும் நாளும், செய்யாவிட்டால் மாமியார் முகம் மாறும் என்று செய்யும் நாளும் ஒரே பெண்ணின் ஒரே வாரத்தில் வருகின்றன. கட்டாயத்துக்குள்ளேயும் அவள் ஒரு வளைவைத் தன் இஷ்டப்படி திருப்புகிறாள் என்பதைக் கண்டுகொள்வது அந்தக் கட்டாயத்தை நியாயப்படுத்துவது ஆகாது. தாய்மையைப் போற்றிப் பாடும் வழக்கம் நம்மிடம் மிகுதி. போற்றும் சத்தத்தில் உழைப்பின் கணக்கு காதில் விழாமல் போவதும் மிகுதி.

கணக்கைப் பார்த்துவிடலாம். 2019இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களைச் சம்பளமில்லாத அந்த வேலைக்குச் செலவிட்டார்கள்; ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். குழந்தை, முதியோர் கவனிப்பில் 134க்கு 76. இந்த மொத்தத்துக்குள் எத்தனை நிமிடம் வடிவம் யோசித்ததில் போயிற்று என்று பிரித்துக் காட்ட இடமில்லை. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் இன்னொரு விநோதம் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு ஒரு குறியீட்டு எண், 92. வீட்டு வேலையோடு வீட்டு உபயோகத்துக்காகத் தையல், நெசவு போன்றவையும் செய்பவருக்கு வேறு எண், 93. இரண்டு பேருமே உழைப்பாளர் தொகைக்கு வெளியே. தைக்கத் தெரிந்தவள் என்பதைப் பதிவு செய்கிற அரசு, அதை வேலை என்று மட்டும் எழுதுவதில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று வந்த கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, குடும்பத் தலைவியின் சம்பளமில்லாத உழைப்பை அங்கீகரிப்பதாகச் சொல்லி மாதம் 1,000 ரூபாயை ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களின் கணக்கில் போடத் தொடங்கியது. உதவித்தொகை என்னாமல் உரிமைத் தொகை என்றது சரியான முடிவு. தொகை போதுமா என்பது வேறு.

கீழ்க்கட்டளைக்குத் திரும்புவோம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர் பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறு அடிச் சாலை வந்த பிறகு வேகமாக மாறியது. பல்லாவரம் நகராட்சியில் இருந்த பகுதி, 2021இல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதற்குள் வந்தது. தனி வீடுகளை இடித்து நான்கு மாடி, ஐந்து மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. வாசல் குறுகிவிட்டது. சாலை போடப் போடத் தெரு உயர்ந்து வீடு தாழ்கிறது. மண் தரை இருந்த இடத்தில் மழைநீர் வடிகாலின் கான்கிரீட் மூடி, அதன்மேல் இரண்டு ஸ்கூட்டர். அடுக்ககத்தில் லிஃப்டுக்கும் கதவுக்கும் நடுவே மூன்றடி டைல்ஸ்.

அந்த மூன்றடிக்கு ஏற்பக் கோலம் தன்னை மாற்றிக்கொண்ட விதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். வழவழப்பான டைல்ஸில் உலர்ந்த மாவு பிடிப்பதில்லை. மின்விசிறிக் காற்றுக்கே பறக்கும். ஆகவே பலர் சாக்பீஸுக்கு மாறினார்கள். ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஈரம் காய்வதற்குள் வரைந்தால் கோடு பளிச்சென்று நிற்கிறது. சிலர் அரைத்த பச்சரிசி மாவில் துணியை நனைத்து விரலால் இழுக்கிறார்கள். டைல்ஸின் இணைப்புக் கோடுகளையே புள்ளி வரிசையாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. தரை கொடுத்த கட்டத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இழையை ஓட்டுவது நல்ல வடிவமைப்பாளர் செய்யும் காரியம். ஸ்டிக்கர் கோலமும் பெயிண்ட் கோலமும் பெருகியிருப்பது உண்மைதான். வேலைக்குப் போகும் தாய்க்கு அவை பத்து நிமிடத்தை மிச்சப்படுத்துகின்றன. அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டில் இருக்கும் ஆண் அந்தப் பத்து நிமிடம் அடுப்பைப் பார்த்துக்கொண்டால் ஸ்டிக்கருக்குத் தேவை குறையும்.

கோலத்தில் பழகிய கை இன்று சம்பாதிக்கும் இடம் ஆரி வேலை. கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மூவரசம்பட்டு, மடிப்பாக்கம் என்று எங்கே போனாலும் 'ஆரி ஒர்க் கற்றுத்தரப்படும்' என்ற பலகை ஒன்றாவது கண்ணில் படும். உள்ளே போனால் கூடத்தின் ஓரத்தில் துணி இழுத்துக் கட்டிய சட்டம். வடிவத்தை முதலில் பட்டர் பேப்பரில் வரைகிறார்கள். கோட்டின்மேல் ஊசியால் நெருக்கமாகத் துளையிட்டு, அதை ரவிக்கைத் துணியின்மேல் வைத்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பவுடரைத் துணிப்பொட்டலத்தால் தேய்க்கிறார்கள். காகிதத்தை எடுத்தால் துணியில் புள்ளி புள்ளியாக மயில், மாங்காய், கொடி. அந்தப் புள்ளிகளின் வழியே ஆரி ஊசி சங்கிலித் தையலில் ஓடுகிறது. பிறகு ஜர்தோசி, மணி, சமிக்கி. பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து போகலாம். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அதே புள்ளியிலிருந்து தொடரலாம். விட்ட இடத்தில் காத்திருக்கும் வேலை என்ற அதே குணம்தான் இந்தத் தொழிலைத் தாய்மார்களின் தொழிலாக்கியது.

ஆனால் கூலி எப்படிப் போடப்படுகிறது என்று கேட்டால் மனம் கசந்துவிடும். எத்தனை மணி, எத்தனை ஜர்தோசி, எத்தனை நாள் என்பதற்குத்தான் விலை. கழுத்தில் கொடி எங்கே வளைய வேண்டும், கைப்பகுதியில் மயிலின் தோகை எதிர்ப்பக்கம் எப்படி முடிய வேண்டும், கல்யாணப் பெண்ணின் புடவைக் கரையோடு எந்த நிறம் பேசும் என்றெல்லாம் இரண்டு இரவு யோசித்ததற்கு ஒரு ரூபாயும் இல்லை. பெரிய பொட்டிக் ஒன்றுக்கு வேலை செய்தால் வடிவம் அவர்களுடையதாகிவிடுகிறது, பெயரும் அவர்களுடையது. வாடிக்கையாளர் போனில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் வேண்டும் என்கிறார். அதை அப்படியே செய்ய முடியாது, உடம்புக்கும் துணிக்கும் ஏற்ப மாற்றித்தான் ஆக வேண்டும் என்பது செய்கிறவருக்குத் தெரியும். அந்த மாற்றமே வடிவமைப்பு. பில்லில் அதற்கு ஒரு வரி தனியாகப் போட வேண்டும் என்று நான் பேசிப் பார்க்கும் போதெல்லாம் ஒரே பதில்தான் வருகிறது: அதுக்கெல்லாம் எப்படிங்க காசு கேக்கறது, வீட்ல இருந்துதானே பண்றேன். வீட்டில் இருந்து செய்வது இலவசம் என்று அவர்களை நம்பவைத்தவர்கள் நாம்.

இதை மாற்றச் சில காரியங்களை இந்தப் பகுதியிலேயே தொடங்கலாம். பள்ளிகளில் மீப்பெரு பொது வகுத்திப் பாடத்தின்போது ஒரு தாயையோ பாட்டியையோ அழைத்து, மூன்றுக்கு நான்கும் மூன்றுக்கு மூன்றும் போட்டுக் காட்டச் சொல்லலாம். வந்தவருக்கு விருந்தினர் ஆசிரியருக்கான மதிப்பூதியம் கொடுக்க வேண்டும். தாம்பரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பு தொடங்கிய ஆய்வின் தொடர்ச்சியாக, இந்தப் புறநகர் வீடுகளின் கோல நோட்டுகளை ஒளிப்படமெடுத்து ஓர் ஆவணமாக்கலாம். நோட்டுக்கு உரியவர் சம்மதத்தோடு, அவர் பெயரோடு.

இன்னொன்று உடனடியானது. மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோ வழித்தடத்தின் தூண்கள் மேடவாக்கம் பிரதான சாலையில் எழுந்திருக்கின்றன. கீழ்க்கட்டளைக்கும் ஒரு நிலையம் உண்டு. அதன் தரைக்கும் சுவருக்கும் ஏதோ ஒரு வடிவம் வரத்தான் போகிறது. வெளியூர் நிறுவனம் ஒன்று கணினியில் வரைந்த பூவை ஒட்டுவதற்குப் பதிலாக, இந்தத் தெருக்களில் தினமும் கோலம் போடுகிறவர்களிடம் வடிவங்களைக் கேட்டு வாங்கலாம். சதுர அடிக்கு இவ்வளவு என்று டைல்ஸுக்கு விலை பேசுவதுபோல், வடிவத்துக்கு இவ்வளவு என்று ஒப்பந்தத்தில் எழுதி, பணத்தைக் கோலம் போட்டவர் கையிலேயே கொடுத்து, நிலையச் சுவரில் அவர் பெயரையும் பொறிக்கலாம்.